யாரும் பார்க்காத வண்டு

முதலில் அவன் பழி போட்டது வயர்களின் மேல்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது வருடத்துக்கும் மேலாகக் குப்பை கொட்டியவன் வேறு யார்மேல் பழி போடுவான்? ஒரு நாள் காலையில் கூடத்துக்குள் வந்து கதவைச் சாத்தியதும் இடது பக்கத்திலிருந்து மெல்லிய விசில் ஒன்று கேட்டது. எர்த் சரியில்லை என்று முடிவுகட்டினான். கேபிள்களை மாற்றினான். ஒலி கலக்கும் மிக்ஸரைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பினான். பக்கத்து அறைக் குழல்விளக்கைப் பிடுங்கச் சொன்னான். எலக்ட்ரீஷியனை வரவழைத்தான். "சார், எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று அவர் பாவமாகச் சொன்னபோது, இதெல்லாம் கேட்க ஒரு காது வேண்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான். கடைசியில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். விசில் அப்போதும் கேட்டது. மின்சாரம் நின்றுபோன அந்தக் கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே மெஷின் அவன்தான்.

அவனை எல்லோரும் ஒலிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் குரலில் எச்சில் விழுங்கும் சத்தம் இருந்தால்கூடக் கண்டுபிடித்து வெட்டி எறிபவன். தன் காதுக்குள் புகுந்ததை அவனால் எந்தக் கத்தரியாலும் வெட்ட முடியவில்லை. சந்தடியான தெருவில் பரவாயில்லை, பஸ்ஸில் பரவாயில்லை. ஸ்பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, மற்றவர்கள் "ஆஹா, என்ன அமைதி!" என்று சொக்கிப்போகிற அதே கூடத்தில்தான் அது உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

டாக்டர்களைப் பார்த்தான். மனைவியும் கூடவே வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினான். வயசுக்கு ஏற்ற காது, பயப்பட ஒன்றுமில்லை, பழகிவிடும் என்றார்கள். ஒருவர் மட்டும் மனசை வேறு பக்கம் திருப்புங்கள் என்றார். எந்தப் பக்கம் திருப்பினாலும் காதும் கூடவே வருகிறதே என்று அவரிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

இரவில்தான் உயிர் போனது. பழைய ரேடியோவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவைத்தால் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வரும். அதற்கு அடியில் விசில் கொஞ்சம் அமுங்கும். ஆனால் மனைவிக்கு அந்த இரைச்சலில் தூக்கம் வராது. அதனால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குக் குடிபெயர்ந்தான். ஒரு வாரம் என்று சொல்லித்தான் போனான். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர், ஆளுக்கொரு அறை என்று ஆகிவிட்டது.

ஒரு காலை அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்தாச்சு. இல்லாததை நீங்களா இருக்குன்னு நினைச்சுக்கிட்டா நான் என்னதான் பண்றது?"

அவன் காப்பியைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்றோடு காதைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதை நிறுத்திக்கொண்டான். கோபத்தைக் கத்தித் தீர்க்கிற ஆள் இல்லை அவன். மடித்து அலமாரியில் வைக்கிற ஆள். அப்படி மடித்து வைத்தது கசங்காமல் அப்படியே இருக்கும்.

அவளுக்கு வேலை அவளுடைய அண்ணன் நடத்துகிற கண்ணாடிக்கடையில். கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக்கொடுப்பவள். அண்ணன் இப்போது வேறு ஊரில் புதுக்கடை திறக்கப்போகிறார். அதைத் தங்கைதான் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

"போகட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றான் ஒலிக்காரன்.

சொல்லும்போதே அது அவனுக்குப் பிடிக்கவில்லை. போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. ஆனால் தன்னை நம்பாதவளிடம் இரு என்று கெஞ்சுவதா என்று ஒரு வீம்பு. வீம்பு பிடித்தவனுக்கு மனசு ஒன்று சொல்லும், வாய் ஒன்று சொல்லும்.

அந்தச் சமயத்தில்தான் கூடத்துக்கு அந்தப் புத்தகம் வந்தது. பார்வையற்றோர் நூலகத்துக்காகத் தத்துவஞானிகளைப் பற்றி எளிமையாக எழுதிய ஒரு புத்தகத்தைக் குரலாக்கித் தர வேண்டும். வாசிக்க வந்தவன் வில்லன். ஆள் தங்கம், தொண்டைதான் அப்படி. கார்ட்டூன் படங்களில் கொடுங்கோலர்களுக்கும் பூதங்களுக்கும் குரல் கொடுத்தே குடும்பத்தைக் காப்பாற்றியவன். அந்தக் குரலில் அவன் 'நம்மால் எதை அறிய முடியும்?' என்று வாசித்தால், கேட்கிறவர் பயந்துபோய்த் தெரிந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை வாசிப்பில் வந்த தத்துவஞானியின் பெயரைச் சொல்வதற்குள் வில்லனுக்கு நாக்குச் சுளுக்கிக்கொண்டது. பரம்பரைச் சொத்தை மொத்தமாக உதறிவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாராகவும் தோட்டக்காரராகவும் இருந்துபார்த்த மனிதராம். ஒருவழியாகப் பெயரைத் தாண்டி, வண்டுக்கு வந்தான்.

விஷயம் இதுதான். ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அந்த மனிதர். பெட்டிக்குள் இருப்பதை எல்லோரும் வண்டு, வண்டு என்கிறார்கள். ஆனால் அடுத்தவர் பெட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. தன் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் வண்டு என்றால் இன்னது என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவர் பெட்டியில் வேறு என்னவோ இருக்கலாம். ஏன், ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம்.

ஒலிக்காரன் பதிவை நிறுத்தினான்.

"என்ன? காகிதம் சரசரன்னுச்சா?" என்றது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து பூதத்தின் குரல்.

"ஒரு சத்தம். திரும்ப வாசி."

திரும்ப வாசித்தான். அதே இடத்தில் மறுபடியும் நிறுத்தினான். இன்னொரு தடவையும் நின்றதும் வில்லன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு இந்தப்பக்கம் வந்துவிட்டான்.

"யோவ், என் தொண்டையில கோளாறா, உன் மெஷின்ல கோளாறா? மறைக்காம சொல்லு."

"என் காதுல" என்றான் ஒலிக்காரன். வாயைத் திறந்துவிட்டால் பிறகு எங்கே நிறுத்துவது? வயர்களைப் பிடுங்கியது, பொத்தானை அழுத்தியது, ரேடியோ, சோபா, மனைவி சொன்னது, புதுக்கடை, எல்லாம் கொட்டித் தீர்த்தான்.

வில்லன் முகம் சுளித்தது. தன்னையறியாமல் தன் இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான். "அடப்பாவி. இதை வெச்சுக்கிட்டா எங்களையெல்லாம் பதிவு பண்ணிக்கிட்டிருந்த?"

"உனக்கு நம்பிக்கை வருதா?"

"இதுல நம்புறதுக்கு என்ன இருக்கு? உன் மூஞ்சியைப் பாரு கண்ணாடில." உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினான். "இங்க பாரு. வண்டோட விடலை மனுஷன். வலின்னு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பெட்டிக்குள்ள இல்லைங்கறார். கீழ விழுந்து அலறுற குழந்தைய ஓடிப்போய்த் தூக்குறோம் பாரு, அதுலதான் இருக்காம். நிஜமாவே வலிக்குதான்னு யோசிச்சுட்டா தூக்குறோம்?"

"எல்லாரும் தூக்குறதில்லையே" என்றான் ஒலிக்காரன்.

இந்த இடத்தில் அவன் ஒரு தப்புச் செய்தான். அவன் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அந்தத் தத்துவஞானி சொன்னதில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபாதியை வெட்டித் தள்ளிவிட்டான். பெட்டிக்குள் இருப்பதை யாருக்கும் காட்ட முடியாதாம்! மற்றவர்களால் முடியாது, சரி. எனக்கு என்ன கேடு? என்னிடம் மெஷின் இருக்கிறது. என் வண்டைப் பிடித்து வெளியே விட்டால் தீர்ந்தது என்று வில்லனிடமே சொன்னான்.

"அவர் சொல்றது அது இல்லைய்யா" என்று வில்லன் தலையில் அடித்துக்கொண்டான். ஒலிக்காரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கூடத்தில் அவனைத் தவிர யாருமில்லை. ஒலி உண்டாக்கும் கருவியை முடுக்கி, வலது காதில் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொண்டு, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினான். இன்னும் மேலே. இல்லை, கொஞ்சம் கீழே. வெறும் விசில் போதவில்லை. ஓரத்தில் மணலை அரைப்பது போல ஒரு கரகரப்பு வேண்டியிருந்தது. அதையும் கலந்தான். மதியச் சாப்பாட்டை மறந்தான். வேலையில் இத்தனை சிரத்தை எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு கட்டத்தில் வெளியே இருப்பது எது, உள்ளே இருப்பது எது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாகிப்போயின.

பதிந்துகொண்டு கருவியை அணைத்தான். அணைத்ததும் விசில் இல்லை. நிஜமாகவே இல்லை. வெளிச் சத்தத்தில் களைத்துப்போன காது கொஞ்ச நேரம் உள்ளே இருந்ததையும் விட்டுவிட்டது. சுவரில் ஒட்டிய ஸ்பஞ்சின் நிசப்தம் அவனுக்கு மறுபடியும் கிடைத்தது. மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் மெதுவாக, ஒன்றுமே நடக்காதது போல அது திரும்பிவந்தது. ஒலிக்காரன் மிக்ஸர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் அந்தச் சத்தத்தை போனில் ஏற்றிக்கொண்டு, நல்ல ஹெட்போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கடைக்குப் புறப்பட்டான்.

கடையின் பின்பக்கத்தில் திரை போட்ட சின்ன அறை. மனைவி ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். அவன் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தான். உள்ளே லென்ஸ் மாற்றும் டக், டக் சத்தம்.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்குங்க... இல்ல, முதல்ல போட்டது. ஐயோ, தப்பா சொல்றேனா?"

"தப்புன்னு இதுல எதுவுமே இல்லைங்க. உங்க கண்ணு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் சரி. நிதானமா சொல்லுங்க."

ஒலிக்காரனுக்குச் சுருக்கென்றது. வழியே போகிறவர்கள் கண்ணுக்குள் தெரிவதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாள். கட்டிக்கொண்டவன் காதுக்குள் கேட்பது மட்டும் நினைப்பாம். அலமாரியில் மடித்துவைத்தது மொத்தமும் மடிப்புக் கலைந்தது.

அந்தப் பெண் போனதும் உள்ளே நுழைந்தான். மனைவி நிமிர்ந்தாள். கடைக்கு அவன் வருகிறவனே இல்லை.

"என்னங்க? பாப்பா போன் பண்ணுனாளா? எதாவது..."

"ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலில உட்காரு."

"நானா?"

"நீதான். உட்காரு."

பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அவன் ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். முடி சிக்கிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டான். அவள் காதோரம் நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தான். போனில் சத்தத்தை ஓடவிட்டான்.

அவள் உடம்பு தூக்கிப்போட்டது. கைகள் நாற்காலியின் பிடியைப் பற்றின. கழற்றிவிடுவாள் என்று எதிர்பார்த்தான். கழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுவா?" என்றாள், ஹெட்போன் போட்டவர்கள் பேசுகிற சத்தமான குரலில்.

"இதுதான்."

"இது எப்பவுமேவா? இப்பக்கூடவா?"

"இப்பக்கூடத்தான்."

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். அவனே நிறுத்தி ஹெட்போனை எடுத்தபோது அவள் முகம் நனைந்திருந்தது. "இதோடயா நீங்க தினம் வேலைக்குப் போயிட்டு வர்றீங்க?"

ஒரு வருடமாக அவன் காத்திருந்த வாக்கியம் இதுதான். ஆனால் கிடைத்தபோது ஜெயித்துவிட்ட மாதிரி இல்லை. மனைவியை அழவைத்துவிட்டு நிற்கிற மாதிரிதான் இருந்தது.

"நினைப்புன்னு சொன்னியே" என்றான், பாதிக் கோபத்தில்.

"சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஏன் சொன்னேன்னு கேளுங்க. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"என் குறட்டை தாங்காமதான் ஹாலுக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேன். மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம காதுல சத்தம் அது இதுன்னு ஒரு சாக்கு. டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்ததும் எனக்கு அது உறுதியாயிடுச்சு. இருந்தாலும் ராத்திரி எழுந்து சோபால சுருண்டு கிடக்குறதைப் பார்க்குறப்போ, பாவம், நிஜமா இருக்குமோன்னும் தோணும். ஒரு நாளைக்கு ஒண்ணு தோணும்."

ஒலிக்காரன் சிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உன் குறட்டையா? அடியே, அது ஒண்ணுதான் இந்தச் சனியனைக் கொஞ்சம் அடக்கி வெச்சுது. ரேடியோ உன்னைத் தூங்கவிடலைன்னுதானே நான் வெளிய போனேன்."

"பொய்."

"வேணும்னா பதிவு பண்ணிப் போட்டுக் காட்டட்டுமா?"

அவள் அவன் கையில் ஒரு அடி வைத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒலிக்காரன் நினைத்தான். தத்துவஞானியையே மெஷினால் ஜெயித்துவிட்டோம், வில்லனிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தான். ஹெட்போன் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்குக் கேக்குறதைப் போட்டுக் காட்டிட்டீங்க" என்றாள். "எனக்குக் கேக்காததை நான் எப்படிப் போட்டுக் காட்டுறது?"

அவனுக்குப் புரியவில்லை. "என்ன கேக்கலை?"

"ஒண்ணுமே கேக்கலை. பாப்பா விடுதிக்குப் போனதுலேர்ந்து வீட்டுல என்னை யாரும் கூப்பிடுறதே இல்லை. அம்மா, சீப்பு எங்க, சாவி எங்கன்னு ஒரு குரல் கிடையாது. நீங்க வருவீங்க, சாப்பிடுவீங்க, ரேடியோவைப் போட்டுக்குவீங்க. சில நாள் கடையைப் பூட்டிட்டு வந்தா மறுநாள் கடையைத் திறக்குற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அண்ணன் அந்த ஊருக்கு வரியான்னு கேட்டப்போ, கடைக்காக இல்லை, கூப்பிட ஒரு ஆள் இருக்கேன்னுதான் முதல்ல தோணுச்சு."

ஒலிக்காரன் பையைக் கீழே வைத்தான். இதைப் பதிய அவனிடம் எந்தக் கருவியும் இல்லை. எந்தக் குமிழைத் திருகினாலும் இதைப் பிடிக்க முடியாது. தன் பெட்டிக்குள் யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு வருடம் ஊரையெல்லாம் நொந்துகொண்டவன், பக்கத்தில் இருந்தவளிடமும் ஒரு பெட்டி உண்டு என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் சமையலறையில் பேசாமல் நின்றிருந்த மாலைகளை நினைத்துத் துக்கமாக இருந்தது.

கடை வாசலில் யாரோ "கண்ணு செக் பண்ணணுமே" என்றார்கள். அவள் எழப்போனாள். அவன் தோளைத் தொட்டு உட்காரவைத்துவிட்டு வெளியே போய், "இன்னிக்கு இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அண்ணன் கேட்டால் கேட்கட்டும். திரும்பிவந்து, அவள் லென்ஸ் மாற்றும்போது உட்காருகிற சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டு, நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான்.

"சொல்லு" என்றான்.

"என்னத்தைச் சொல்ல? சொல்லிட்டேனே."

"இன்னும் இருக்கும். சொல்லு."

அவள் சொன்னாள். பெரிய விஷயம் எதுவும் இல்லை. மகளுடைய அறையில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது, பால்காரரிடம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுத்தது, சோபா வரைக்கும் வந்து அவனை எழுப்பலாமா என்று நின்றுவிட்டுத் திரும்பியது. அவன் குறுக்கே பேசவில்லை. நிஜம்தானா என்று எடைபோடவும் இல்லை. காதுக்குள் விசில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டி அவள் குரல் நன்றாகவே கேட்டது. அவள் தானாக நிறுத்துகிற வரைக்கும் காத்திருந்தான்.

"போகாத" என்றான் அப்புறம்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, அண்ணனுக்கு போன் போட்டாள்.